சிட்னியில் பிடித்த பிரீம்: குழம்புக்கா, ஆற்றுக்கா?

கேள்வி இதுதான்: "சிட்னிக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. போன ஞாயிற்றுக்கிழமை மெடோபேங்க் பக்கம் பரமட்டா ஆற்றில் இறால் குத்தித் தூண்டில் போட்டேன். மூன்று பிரீம் மீன் கிடைத்தது, ஒன்று நல்ல பெரிசு. பக்கத்தில் நின்றவர் எல்லாவற்றையும் விட்டுவிடச் சொன்னார். எனக்கு மனசு வரவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து ஃப்ரீசரில் வைத்திருக்கிறேன். குழம்பு வைக்கலாமா? இனிமேல் பிடித்தால் வைத்துக்கொள்வதா, விடுவதா?"

முதலில் ஃப்ரீசரில் இருக்கும் அந்த மூன்றைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். குழம்பு வைக்காதீர்கள். செய்தித்தாளில் சுற்றிக் குப்பைத்தொட்டியில் போடுங்கள். மூன்று உயிர் வீணாகிறதே என்று வருத்தமாக இருக்கும், தெரியும். ஆனாலும் சாப்பிட வேண்டாம். வீட்டில் குழந்தைகளோ கர்ப்பமான பெண்ணோ இருந்தால் ஒரு துண்டுகூட வேண்டாம்.

காரணம் நீங்கள் நின்ற இடத்துக்கு நேர் எதிர்க்கரையில் இருக்கிறது. இன்று அடுக்குமாடிகளாக நிற்கும் ரோட்ஸ் முனையில், போன நூற்றாண்டின் நடுவில் களைக்கொல்லியும் பூச்சிமருந்தும் செய்த ரசாயன ஆலைகள் இருந்தன. அவற்றின் கழிவு ஹோம்புஷ் விரிகுடாவின் சேற்றில் போய்ப் படிந்தது. அதில் இருந்த டையாக்சின் என்ற நஞ்சு எளிதில் சிதையாது. சேற்றில் இருக்கும் புழுவுக்கும் நண்டுக்கும் இறாலுக்கும் அது போகிறது. அவற்றைத் தின்னும் மீனின் கொழுப்பில் சேர்கிறது. பிரீம் அடியில் மேயும் மீன், சேற்றைக் கிளறித்தான் வயிறு வளர்க்கும். இதனால்தான் 2006-ல் சிட்னி துறைமுகம் முழுவதிலும் வணிக மீன்பிடிப்பை நிறுத்தினார்கள். பொழுதுபோக்குக்குத் தூண்டில் போடத் தடை போடவில்லை. ஆனால் அரசின் அறிவுரை தெளிவாக இருக்கிறது: ஹார்பர் பிரிட்ஜுக்கு மேற்கே பிடித்த எந்த மீனையும், நண்டையும், இறாலையும் சாப்பிடக் கூடாது. பாலத்துக்குக் கிழக்கே பிடித்தது என்றால் பிரீம் மாதத்துக்கு 150 கிராம். ஒரு ஆள் ஒரு வேளை சாப்பிடும் அளவு, அவ்வளவுதான்.

மஞ்சள் போட்டுக் கழுவினாலும் போகாது. புளியில் கொதிக்க வைத்தாலும் போகாது. நம் ஆட்கள் சிலர் "நன்றாக வறுத்துவிட்டால் ஒன்றும் செய்யாது" என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். கிருமிக்கு அது சரி, டையாக்சினுக்குச் சரியில்லை. ஒரு முறை சாப்பிட்டால் உடனே வாந்தி வராது, காய்ச்சல் வராது. அதனால்தான் பலரும் நம்ப மறுக்கிறார்கள். வருடக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக உடம்பில் சேரும் விஷயம் இது. படகுத்துறையில் இதற்கான பலகைகள் நிற்கின்றன. பக்கத்தில் நின்றவர் ஒருவேளை அதைப் படித்திருப்பார். உங்களுக்கு விளக்கிச் சொல்லியிருக்கலாம்.

இனிமேல் என்ன செய்வது என்பதற்கு என் பதில்: முடிவை மீன் கடித்த பிறகு எடுக்காதீர்கள். தூண்டிலை வீசும் முன்பே எடுத்துவிடுங்கள். இன்று சாப்பிடப் பிடிக்கிறேனா, விடுவதற்காகப் பிடிக்கிறேனா? இரண்டும் தப்பில்லை. ஆனால் இரண்டுக்கும் தூண்டில் முள் வேறு, கையில் இருக்க வேண்டிய சாமான் வேறு, போக வேண்டிய இடமே வேறு. கடித்த மீனைக் கையில் பிடித்துக்கொண்டு யோசிக்கிறவர் கையில்தான் அது பாதி செத்து ஆற்றுக்குப் போகும், இல்லாவிட்டால் பாதி கெட்டு வீட்டுக்கு வரும். நான் இரண்டையும் செய்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன்.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. பிரீம் என்ற சொல்லை ஆங்கிலத்தில் ஏகப்பட்ட மீன்களுக்குப் போடுகிறார்கள். ஊரில் சங்கரா என்று வாங்குவோமே, அதற்கு த்ரெட்ஃபின் பிரீம் என்று பெயர். இங்கிலாந்தில் பிரீம் என்றால் கெண்டை வகையைச் சேர்ந்த ஆற்றுமீன். நீங்கள் பிடித்தது பெரும்பாலும் யெல்லோஃபின் பிரீம், இந்தக் கிழக்குக் கரைக்கே உரிய மீன். தெற்கே விக்டோரியா பக்கம் போனால் பிளாக் பிரீம். இவற்றின் நெருங்கிய உறவு மீன்கள் நம் கடலோரக் கழிமுகங்களிலும் உண்டு. அதனால்தான் கையில் எடுத்ததும் எங்கோ பார்த்த மீன் போலத் தோன்றுகிறது.

இந்த மீன் மெதுவாக வளரும் மீன். இதை மனதில் வைத்தால் மற்ற விதிகள் தானாகப் புரியும். 25 செ.மீ. நீளத்தை எட்டவே நாலைந்து வருடம் ஆகும். இருபது வருடத்துக்கு மேலும் வாழும். இன்னொன்று, யெல்லோஃபின் பிரீமில் பல மீன்கள் முதலில் ஆணாக இருந்து பிறகு பெண்ணாக மாறுகின்றன. ஆகவே பெரிய மீன்களில் பெண் அதிகம். பெரிய பெண் மீன் போடும் முட்டையும் அதிகம். குளிர்காலத்தில் அவை முட்டையிட ஆற்றுமுகங்களை நோக்கி இறங்கும். அந்த நேரத்தில் ஒரே இடத்தில் கூட்டமாகக் கிடைக்கும், பிடிப்பதும் சுலபம். சுலபமாகக் கிடைக்கிறதே என்று அள்ளிக்கொண்டு போகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரியும்.

நியூ சவுத் வேல்ஸ் சட்டப்படி பிரீம் குறைந்தது 25 செ.மீ. இருக்க வேண்டும். மூக்கு நுனியிலிருந்து வால் நுனி வரை அளக்க வேண்டும். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 10 மீன், அதுவும் எல்லா பிரீம் வகைகளும் டார்வைன் என்ற உறவு மீனும் சேர்த்து. பதினெட்டு வயது நிரம்பியவர்கள் மீன்பிடிக் கட்டணம் கட்டி ரசீதை வைத்திருக்க வேண்டும். பிடித்த மீனை விற்கக் கூடாது, தெரிந்த கடைக்காரருக்கும் கூடாது. கரையிலேயே தலையை வெட்டித் துண்டு போடாதீர்கள், அளக்க முடியாமல் போய்விடும் என்பதால் அது குற்றம். குடலும் செவுளும் எடுக்கலாம். விதிகள் அவ்வப்போது மாறும். ஃபிஷ்ஸ்மார்ட் என்ற அரசுச் செயலியைப் போனில் இறக்கி வைத்துக்கொண்டால் கிளம்பும் முன் பார்த்துவிடலாம்.

சட்டம் இவ்வளவுதான். இனி வருவது என் சொந்தக் கணக்கு. 25 செ.மீ. பிரீம் கால் கிலோ இருக்கும். தலை, முள், குடல் போனால் தின்ன என்ன மிஞ்சும்? அதற்காக ஐந்து வயது மீனைக் கொல்ல எனக்கு மனசு வருவதில்லை. 28-லிருந்து 33 வரை உள்ளதை வைத்துக்கொள்கிறேன். 35-க்கு மேல் போனால் விட்டுவிடுகிறேன், அது பத்து வருடம் தப்பிப் பிழைத்த மீனாக இருக்கலாம். பெரிய மீனை விடுவதுதான் கஷ்டம், அதுவும் முதல் தடவை. போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். எண்ணிக்கையில், அன்று இரவு வீட்டில் எத்தனை தட்டோ அத்தனை மீன். பத்து வரை அனுமதி என்றால் பத்தும் பிடித்தாக வேண்டும் என்று அர்த்தமில்லை.

அப்புறம், "விடுவது" என்றாலே புண்ணியம் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். தப்பாக விட்ட மீன் நம் கண்ணுக்குத் தெரியாமல் சாகிறது. நான் இங்கு வந்த முதல் வருடம், ஒரு 20 செ.மீ. குட்டி பிரீம் முள்ளை விழுங்கிவிட்டது. முள்ளோடு விடக் கூடாது, பாவம் என்று நினைத்து, இடுக்கியை உள்ளே விட்டு இழுத்தேன். முள் வந்தது, கூடவே ரத்தமும் வந்தது. தண்ணீரில் விட்டதும் பக்கவாட்டில் சாய்ந்து மிதந்து போனது. ஒரு பெலிகன் வந்து எடுத்துக்கொண்டது. நல்லது செய்கிறோம் என்று நினைத்துத்தான் செய்தேன்.

இந்த விஷயத்தை இங்குள்ள மீன்வளத்துறை ஆராய்ச்சியாளர்கள் யெல்லோஃபின் பிரீமிலேயே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். முள்ளை விழுங்கிய மீன்களில், முள்ளைப் பிடுங்கி எடுத்தவை பெரும்பாலும் செத்துப்போயின. தூண்டில் நரம்பை மட்டும் வாய்க்கு அருகே வெட்டிவிட்டு முள்ளை உள்ளேயே விட்டவை பெரும்பாலும் பிழைத்தன. பிழைத்தவற்றில் பல, சில வாரங்களில் முள்ளைத் தாமாகவே வெளியே தள்ளிவிட்டன. ஆக, உதட்டில் குத்தியிருந்தால் முள்ளைக் கழற்றுங்கள். தொண்டைக்குள் போய்விட்டால் கையை வைக்காதீர்கள். நரம்பை எவ்வளவு கிட்டத்தில் வெட்ட முடியுமோ வெட்டி விட்டுவிடுங்கள். ஒரு முள்ளின் விலை சில சென்ட்தான்.

விழுங்காமல் பார்த்துக்கொள்வது அதைவிட நல்லது. தூண்டில் தடியைத் தாங்கியில் செருகிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து போனைப் பார்த்தால் மீன் நிதானமாக விழுங்கும். தடியைக் கையில் வைத்துக்கொண்டு நரம்பை இறுக்கமாக வைத்தால், முதல் தட்டிலேயே தெரிந்துவிடும், முள் உதட்டில் ஏறும். சர்க்கிள் ஹூக் என்ற உள்பக்கம் வளைந்த முள் கிடைக்கிறது. அது வாயின் ஓரத்தில்தான் பெரும்பாலும் மாட்டும். அதைப் போட்டால் வெடுக்கென்று இழுக்கக் கூடாது, மெதுவாகச் சுற்றினாலே போதும். விடுவதற்காக மட்டும் போகிறீர்கள் என்றால் இறாலை வீட்டில் வைத்துவிட்டு லூர் என்ற போலி இரையைப் பழகுங்கள். லூர் கடித்த பிரீம் அதை விழுங்குவது அபூர்வம். இங்கே பிரீம் போட்டிகளே நடக்கின்றன. படகில் தண்ணீர்த் தொட்டியில் உயிரோடு வைத்திருந்து, எடை போட்டுவிட்டுத் திரும்ப விடுகிறார்கள். அவர்கள் எல்லாம் லூர் ஆட்கள்.

கையில் எடுக்கும்போது முதலில் கையை நனைத்துக்கொள்ளுங்கள். உலர்ந்த துண்டால் பிடித்தால் மீன் மேலிருக்கும் வழுவழுப்பு போய்விடும், அதுதான் அதன் தோலுக்குப் பாதுகாப்பு. சுடுகிற கான்கிரீட்டில் போடாதீர்கள். முதுகு முட்களைத் தலையிலிருந்து வால் பக்கமாகத் தடவிப் படுக்க வைத்துப் பிடிக்க வேண்டும். அடிப்பக்கத் துடுப்பிலும் ஒரு தடித்த முள் இருக்கிறது, குத்தினால் இரண்டு நாள் வலிக்கும். வலை வைத்திருந்தால் முடிச்சில்லாத ரப்பர் வலை நல்லது. தண்ணீருக்குள் தாழ்த்தி, அது தானாக நீந்திப் போகும்வரை பிடித்திருந்து விடுங்கள். படகுத்துறை மேலிருந்து வீசி எறிகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அது விடுவது இல்லை, எறிவது.

அளவுக்குக் குறைந்த மீன் ரத்தம் கசியக் கசிய வந்தால்? அப்போதும் விட்டுத்தான் ஆக வேண்டும். "எப்படியும் சாகப் போகிறது, வீணாக்குவானேன்" என்ற வாதம் சட்டத்தில் செல்லாது. எனக்கும் அது உறுத்தும். ஆனால் அந்த வாதத்துக்கு வழி விட்டால் எல்லா குட்டி மீனும் "எப்படியும் செத்திருக்கும்" ஆகிவிடும். வாளியில் உயிரோடு வைத்திருந்து பிறகு பெரிசு கிடைத்ததும் சிறிசைத் தூக்கிப் போடும் பழக்கமும் வேண்டாம். வெயிலில் ஒரு மணி நேரம் வாளியில் மூச்சு வாங்கிய மீன் விட்டாலும் தேறுவது சந்தேகம். வைத்துக்கொள்வது என்று முடிவு செய்தால் அந்த நிமிடமே கொன்றுவிட வேண்டும்.

இனி சாப்பாட்டுக்கு வருவோம். எங்கே போய்ப் பிடிப்பது? ரயிலிலேயே போகலாம். ஹாக்ஸ்பரி ரிவர் ஸ்டேஷனில் இறங்கினால் புரூக்லின், சில நிமிட நடையில் தண்ணீர். இன்னும் வடக்கே வோய் வோய் போனால் பிரிஸ்பேன் வாட்டர். தெற்கே என்றால் இல்லவாரா ஏரி. ஆனால் எந்தத் தண்ணீருக்குப் போனாலும், அங்கே பிடித்த மீனைச் சாப்பிடுவது பற்றி அறிவுரை ஏதும் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். டையாக்சின் மட்டுமில்லை. 2015-ல் நியூகாசிலுக்கு அருகே வில்லியம்டவுன் விமானப்படைத் தளத்தில் பயன்படுத்திய தீயணைப்பு நுரையின் ரசாயனம் நீரில் கலந்தது தெரிந்து, டில்லிகெரி ஓடையிலும் ஃபுல்லர்ட்டன் கோவ் என்ற விரிகுடாவிலும் மீன்பிடிப்பைக் கொஞ்ச காலம் நிறுத்தினார்கள். பார்க்கத் தெளிவான அழகான தண்ணீர்தான். கண்ணால் பார்த்து முடிவு செய்ய முடியாது.

ஐஸ் இல்லாமல் கிளம்பாதீர்கள். நான் ஆரம்பத்தில் ஒரு டிசம்பர் மாதம் ஐந்து பிரீமை வாளியில் போட்டு மதியம் முழுக்க வைத்திருந்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். வயிறு குழைந்து, சதை வெண்டைக்காய் போல வழவழத்தது. ஐந்தையும் கொட்டினேன். அன்றைக்கு ராத்திரி எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இப்போது செய்வது இது: பிடித்த உடனே கண்ணுக்குப் பின்னால், சற்று மேலே, கூர்மையான ஆணியால் மூளையில் ஒரு குத்து. ஜப்பானியர் இதை இக்கி ஜிமே என்பார்கள். மீன் ஒரு முறை விறைத்துத் துடுப்பை விரிக்கும், அதோடு முடிந்தது, துடிக்காது. உடனே செவுளின் அடியில் வெட்டி ரத்தம் வடிய விடுகிறேன். பிறகு இரண்டு பங்கு ஐஸ், ஒரு பங்கு கடல் தண்ணீர் கலந்த பெட்டிக்குள் போடுகிறேன். வெறும் ஐஸின் மேல் வைப்பதைவிட இந்தக் கலவையில் சீக்கிரம் குளிரும். மீனுக்கும் வேதனை குறைவு, சதையும் கெட்டியாக நிற்கும். இவ்வளவு செய்த பிரீமையும் அந்த வாளி பிரீமையும் தின்றால் இரண்டும் வேறு வேறு மீன் என்றே நினைப்பீர்கள்.

வீட்டில் செதிலைத் தண்ணீருக்குள் வைத்துச் சீவுங்கள், சமையலறை முழுக்கப் பறக்காது. வயிற்றுக்குள் ஒட்டியிருக்கும் சவ்வையும் முதுகெலும்பை ஒட்டிய ரத்தக் கோட்டையும் கட்டைவிரல் நகத்தால் சுரண்டி எடுத்துவிட்டால் சேற்று வாடை பெரும்பாலும் போய்விடும். ஆற்றின் மேற்பகுதியில் பிடித்த மீனுக்கு அந்த வாடை கொஞ்சம் அதிகம், கடல்முகத்தில் பிடித்ததற்கு இருக்காது. கல்லுப்பும் மஞ்சளும் போட்டு உரசிக் கழுவினால் போதும்.

பிரீம் மென்மையான சதை. வஞ்சிரம் போலவோ சுறா போலவோ நினைத்துப் புளிக்குழம்பில் அரைமணி கொதிக்க விட்டால் கரைந்து முள் மட்டும் மிஞ்சும். (சுறா என்றதும் ஒன்று: கர்ப்பிணிகளுக்கு இங்கே சுறாவை இரண்டு வாரத்துக்கு ஒரு முறைக்கு மேல் வேண்டாம் என்கிறார்கள், பாதரசம் காரணமாக. பிள்ளை பெற்றவளுக்குச் சுறாப்புட்டு என்று கிளம்பும் பாட்டிமாருக்கு இதைச் சொல்லி வையுங்கள்.) 30 செ.மீ. மீனை முழுசாக வைத்து, இரண்டு பக்கமும் மூன்று கீறல் போட்டு, மிளகாய்த்தூள், மஞ்சள், மிளகு, உப்பு, கொஞ்சம் எலுமிச்சை தடவி இருபது நிமிடம் ஊற விட்டுத் தோசைக்கல்லில் எண்ணெய் விட்டுப் பொரிப்பதுதான் என் முதல் தேர்வு. மசாலா கனமாக வேண்டாம், இதற்கென்று ஒரு இனிப்பு இருக்கிறது. குழம்புதான் வேண்டும் என்றால் குழம்பைத் தனியே கொதிக்க வைத்து, மணம் வந்த பிறகு மீனைப் போட்டு, ஐந்தாறு நிமிடத்தில் இறக்கிவிடுங்கள், கரண்டி போட்டுக் கிளறாதீர்கள்.

தலையைத் தூக்கிப் போடாதீர்கள். தேங்காய்ப்பாலில் பச்சைமிளகாய், சின்ன வெங்காயம், கறிவேப்பிலை போட்டுச் சொதி வைத்தால் தலைதான் அதற்குச் சாறு கொடுக்கும். கன்னத்துச் சதை இரண்டு துண்டும் வீட்டில் யாருக்கு என்று சண்டையே வரும். விலா முட்கள் மெல்லியவை. சின்னப் பிள்ளைகளுக்கு முதுகுப் பக்கச் சதையை மட்டும் பிரித்து, விரலால் நசுக்கிப் பார்த்துவிட்டுக் கொடுங்கள்.